பைலாப் புத்தகத்தை நாம் படிப்போம்

(மும்பையில் புதுக் கட்டடத்துக்குக் குடிபோகவிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டடம் எழும்பிவிட்டது. சாவி எப்போது கிடைக்கும் என்பதுதான் எங்கும் பேச்சு. சாவியோடு ஒரு புத்தகமும் வரப்போகிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் சொசைட்டியின் பைலா.

சாலில் நமக்குப் புத்தகம் இருந்ததில்லை. குழாயடியில் யார் குடம் முதலில் என்பதை வயதான ஆச்சிகள் தீர்த்து வைத்தார்கள். கட்டடத்தில் அது செல்லாது. 1960ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி சொசைட்டி பதிவானதும், கையெழுத்துப் போட்டவரையெல்லாம் அந்தப் புத்தகம் கட்டும்; படித்தாரா என்று கேட்காது.

முதலில், யார் உறுப்பினர் என்ற பகுதி. தமிழருக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்கிறார்கள் நம்மில் சிலர். அந்தக் குரலின் பின்னால் இருக்கும் வலி நமக்குத் தெரியாததா? 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டார் மீது இந்த நகரில் கிளப்பிவிடப்பட்ட பகையை நம் பெரியவர்கள் கண்டவர்கள். நம் பேச்சைக் கேட்டதும் வீடு இல்லை என்று கதவைச் சாத்தியவர்களை நாமும் கண்டோம். ஒரு சமூகத்தார் தமக்கென்று சொசைட்டி கட்டுவதும் இங்கே புதிதன்று. காம்தேவியில் சாரஸ்வத் சமூகத்தார் 1915இலேயே அப்படிப் பதிவு செய்தார்கள். அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி எழுதிய ஒரு சொசைட்டியின் வழக்கில், அந்த விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

ஆயினும் அந்த வரி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தமிழர் மட்டும் என்று எழுதிய கை, நாளைக்கு எந்தத் தமிழர் என்று கேட்கும். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்கும். ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாமல்தானே நம்மில் பாதிப்பேர் ரயிலேறினோம்! நம்மோடு தண்ணீருக்கு வரிசையில் நின்ற மராத்திக் குடும்பங்களையும் உத்தரப் பிரதேசத்துத் தையற்காரர்களையும் எந்த முகத்தோடு வெளியே நிறுத்துவது?

அடுத்தது கூட்டம். 2014ஆம் ஆண்டு மாதிரிப் பைலாவின்படி பொதுக்கூட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் அல்லது 20 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வரவேண்டும். அரை மணிக்குள் சேராவிட்டால் ஒத்திவைப்பார்கள். நோட்டீசில் முன்பே போட்டிருந்தால் அதே நாளில் மறுபடி கூடலாம். அப்போது எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை! நூறு வீட்டுக்கும் சேர்த்து ஏழு பேர் தீர்மானம் போடலாம். அது சட்டப்படி சரி.

நாங்கள் முன்பிருந்த கட்டடத்தில் இதுதான் நடந்தது. ஊருக்குப் போன சிலர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். அப்படிப்பட்ட வீடுகளுக்கு மாதக் கட்டணம் இரு மடங்கு என்று ஏழெட்டுப் பேர் முடிவு செய்தார்கள். சொந்தக்காரர் குடியிராத வீட்டுக்குச் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வாங்கக்கூடாது என்று 2001 ஆகஸ்டிலேயே மாநில அரசு ஆணை போட்டிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு கட்டினோம். கமிட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நோட்டீஸ் வந்திருந்தது, மராத்தியில் இருந்ததால் பரணில் போட்டுவிட்டோம்.

ஆகவே நோட்டீஸ் தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டும், கூட்டம் விடுமுறை நாளில் நடக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே கேட்போம். பைலாவை மாற்றுவதானால் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பதிவாளர் பதிவு செய்யும்வரை அந்த மாற்றம் செல்லாது. இதை நினைவில் வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. பங்குப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றிரவே வீட்டில் கேளுங்கள். கணவர் பெயர் மட்டும் என்றால் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாமினி படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சண்டை வந்தால் எங்கள் மேல் பழி போடுங்கள்.

பைலா மேசைமேல் இருக்கிறது. மராத்தி தெரிந்த நம் பிள்ளைகள் வரிவரியாக வாசிப்பார்கள், நாங்கள் தமிழில் சொல்வோம். டீ வந்ததும் உறுப்பினர் பகுதியிலிருந்து தொடங்கலாம். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.