எச்.ஐ.வி.யும் இதயமும்: இரண்டு வரிசையில் ஓர் உடம்பு

(கொடுங்கையூரில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்க. இந்த முறை எச்.ஐ.வி. பற்றிப் பேசுகிறேன் என்று நானாகவே கேட்டு வாங்கினேன். நான் டாக்டர் இல்லை, வங்கியில் கவுண்ட்டரில் உட்காரும் எழுத்தர். எழுத்தருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், மருத்துவத்தையும் அரசியலையும் ஒரே கையில் வைத்திருந்த அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே நமக்கு இருந்திருக்கிறார் என்று பதில் சொல்லிக்கொள்கிறேன்.

"அதெல்லாம் தொண்ணூறுகளோட முடிஞ்சுபோன விஷயமாச்சே தோழர்" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். முடியலை தம்பி. அதோடு வாழ்கிறவர்கள் நம்ம தெருவில்தான் இருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளை எடுத்திருக்கிறார்கள். காசநோய் இன்னும் அவர்களை விட்டபாடில்லை. அதோடு இப்போது மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்து வந்து நிற்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து, அது இல்லாதவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலக ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நம் இயக்க மேடைகளில் இது பேசுபொருளாக ஆகவே இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. ரத்த மாதிரிகளை நிர்மலா ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். யாருடைய ரத்தம்? காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் பெண்களின் ரத்தம். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சமூகத்தின் பொதுப்புத்தி அன்றைக்கே நோய்க்கு ஒரு முகவரி எழுதிக்கொண்டது. அந்தப் பொம்பளைங்க, லாரி டிரைவர், சேரி. தீட்டு என்ற பழைய சொல்லாடலுக்குப் புதிதாக ஒரு ஆங்கிலச் சுருக்கெழுத்து கிடைத்துவிட்டது.

பிறகு 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. இன்று நம்ம ஸ்டான்லியிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. 2017 முதல் நோய் தெரிந்த உடனேயே எல்லோருக்கும் மாத்திரை. உயிரோடு இருக்கும் உரிமை அப்படித்தான் வந்தது. உயிரோடு இருந்தால் வயசாகும். வயசானால் இதயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால், பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் அடங்கிவிடும். அப்படி அடங்கியவரிடமிருந்து உடலுறவு மூலம் யாருக்கும் தொற்றாது. இதை இங்கிருந்து போகும்போது நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் வைரஸ் முழுசாக ஒழிவதில்லை, சில செல்களில் பதுங்கிக்கொள்கிறது. தொற்றின் தொடக்கத்திலேயே குடல்சுவரில் அது செய்த சேதம் முழுக்க ஆறுவதுமில்லை. அதன் வழியே குடல்கிருமிகளின் கசடு ரத்தத்தில் கசிகிறது. இதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ராத்திரி பகலாக ரோந்து சுற்றுகிறது. போலீஸ் எந்நேரமும் ரோந்து வந்தால் ஒரு தெரு என்னவாகும் என்று வடசென்னைக்காரனுக்கு நான் சொல்லணுமா? காக்க வேண்டிய தெருவையே அது நொறுக்கும். இங்கே அந்தத் தெரு ரத்தக்குழாயின் உள்சுவர். சுவர் அழற்சியில் வீங்குகிறது, கொழுப்பு படிகிறது, ஒருநாள் படிவு வெடித்து ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. இதயத்தில் என்றால் மாரடைப்பு, மூளையில் என்றால் பக்கவாதம்.

"அப்படின்னா மாத்திரைதான் காரணம், நிறுத்திடலாமா?" கூடவே கூடாது. சில பழைய மருந்துகள் கொழுப்பைக் கூட்டின என்பது உண்மை. லோபினாவிர்-ரிட்டோனாவிர் அப்படிப்பட்டது. அபாகாவிர் பற்றி 2008-லிருந்தே கேள்வி இருக்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்றே ஒரு பெரிய ஆய்வு பார்த்தது. 'ஸ்மார்ட்' என்று பெயர், 33 நாடுகள், முடிவு 2006-இல் வந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களிடம் சாவும் கூடியது, இதயக்கோளாறும் கூடியது. ஆகவே மூலிகை, லேகியம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அவனைத் தெருவுக்குள் விடாதீர்கள். அவன் பண்டிதரின் வாரிசு அல்ல.

இன்னொன்று, எடை. இன்று தரப்படும் முக்கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. நல்ல மருந்து. சிலருக்கு அதனால் எடை கூடுகிறது. எடை குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்வார். ஆனால் நம்ம சனங்களுக்கு எய்ட்ஸ் என்றால் தொண்ணூறுகளின் சுவரொட்டிதான் ஞாபகம், எலும்பும் தோலுமாய் ஒரு உருவம். இளைத்தவனைத் தெரு சந்தேகப்படும். தொப்பையும் சதை போட்ட கன்னமும் ஒருவருக்கு நற்சான்றிதழ் மாதிரி. அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போடு என்றால் அவர் எப்படிக் கிழிப்பார்? மருத்துவப் புத்தகத்தில் இந்தச் சிக்கலுக்குப் பக்கம் கிடையாது. நாம்தான் பேச வேண்டும்.

வங்கியில் நான் பார்க்கும் ஒரு விஷயம். வருஷம் 436 ரூபாய் பிடிக்கிற காப்பீடு இருக்கிறதே, ஆள் செத்தால் இரண்டு லட்சம். அந்தப் பணம் கேட்டு வரும் அம்மாக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். சாவுக்குக் காரணம் என்று கேட்டால், "ஹார்ட் அட்டாக்குன்னு போடுப்பா" என்று ஒரு அவசரத்தோடு சொல்வார்கள். ஒரு காலத்தில் எய்ட்ஸ் சாவை மறைக்க நம் குடும்பங்கள் போர்த்திய போர்வை அது. மஞ்சக்காமாலை, டி.பி., ஹார்ட் அட்டாக். இன்றைக்கு அந்தப் பொய்யே பல வீடுகளில் மெய்யாகிவிட்டது. அதை மெய் என்று யாரும் நம்பாததால்தான் அதைத் தடுக்கவும் யாரும் முயல்வதில்லை. இது என் அபிப்பிராயம், மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு அண்ணன், வயது ஐம்பதுக்கு மேல், மாநகராட்சிக்குக் குப்பை அள்ளியவர். எச்.ஐ.வி. மாத்திரைக்கு ஒரு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அருமையான திட்டம், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலுக்கு வருகிற அக்கா அதே தெருக்காரர். அவரிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் சொல்லவில்லை. டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவருக்கு மெட்ஃபார்மின் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாத்திரையும் அவர் வயிற்றில்தான் சந்திக்கின்றன. இரண்டு நோட்டுப் புத்தகமும் எங்கும் சந்திப்பதில்லை. நெஞ்சு கரித்தால் "கேஸ்" என்று சோடா குடிக்கிறார், வெள்ளை டானிக் குடிக்கிறார். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அந்த டானிக்கை ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடம்பில் ஏறாது. அதையும் அவருக்கு யாரும் சொன்னதில்லை.

எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் 2021 வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. எழுத்தில் இருப்பதை வரிசையில் நிற்பவனுக்கு வாங்கித் தருவதுதானே இயக்க வேலை? 2017 சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஒருவரின் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியிடக்கூடாது என்கிறது. சிகிச்சை மறுப்பதும் சட்டவிரோதம். இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்கும் அதே மேசையில் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பார்க்கப்பட வேண்டும். ரகசியம் தெருவுக்கு வராமல் உடம்பு முழுசாகக் கவனிக்கப்படும்.

அங்கேயே இன்னொரு மாத்திரையையும் கேட்கலாம். 12 நாடுகளில், இந்தியாவும் அதில் ஒன்று, 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேரிடம் பிட்டாவாஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் எச்.ஐ.வி. உள்ளவர்கள். வழக்கமான கணக்குப்படி ஆபத்து அதிகமில்லை என்று திருப்பி அனுப்பப்படக் கூடியவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன என்று 2023-இல் முடிவு வந்தது. அதே குடும்பத்து அடோர்வாஸ்டேட்டினை, நெஞ்சுவலி வந்தபின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023-லிருந்து இலவசமாகத் தருகிறார்கள். வருவதற்கு முன்னாடியே கேட்டால் என்ன? டாக்டர் பார்த்துத்தான் தரணும், ஏனென்றால் ரிட்டோனாவிர் சாப்பிடுகிறவருக்குச் சிம்வாஸ்டேட்டின் ஆபத்து, மற்றவற்றிலும் அளவு பார்க்க வேண்டும். அதற்கும் இரண்டு நோட்டும் சந்தித்தாக வேண்டும்.

மாவா, பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் புகை என்றால் அது மட்டுமா? ஏறக்குறைய 350 ஏக்கர் குப்பைமேட்டின் ஓரம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பக்கம் மணலி, இன்னொரு பக்கம் எண்ணூர். நுண்தூசி நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தக்குழாயையும் கெடுக்கிறது. பீடியை விடு என்று சொல்கிற ஆலோசகர், மூச்சை விடு என்று சொல்ல முடியாதே. 2025-இல் எரியுலை வேண்டாம் என்று மனிதச் சங்கிலியாக நின்றார்களே, அது இதய மருத்துவமும்தான்.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு உட்காருகிறேன். மாலைப் பள்ளி நடக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிரஷர் பார்க்கும் கருவியோடு இரண்டு மாணவர்கள் உட்காருங்கள். கருவி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, முதல் ஒன்றுக்கு நான் தருகிறேன். நாற்பது தாண்டிய எல்லோருக்கும் பாருங்கள், அம்மாக்களை முதலில் கூப்பிடுங்கள், அவர்கள் தானாக வர மாட்டார்கள். 140-க்கு 90 தாண்டினால் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அதை அவர் எந்த வரிசைக்கு எடுத்துப்போகிறார் என்று கேட்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், இடது கை அல்லது தாடை வலி என்று யாராவது சொன்னால் சோடா கடைக்கு அனுப்பாதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள். யாரெல்லாம் வருகிறீர்கள், பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.