மன்னிப்பும் பத்து மணி நேர வேலையும்

(பெங்களூருவில் தமிழ்த் தொழிலாளர்கள், இளைஞர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 மே 24 அன்று சென்னையில் ‘தக் லைஃப்’ திரைப்படத்தின் பாடல் வெளியீட்டு விழா நடைபெற்றது. விழாவுக்கு வந்திருந்த கன்னட நடிகர் சிவராஜ்குமாரைச் சுட்டிப் பேசிய கமல்ஹாசன், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்றார். மன்னிப்பு கேட்டாலன்றிப் படம் கர்நாடகத்தில் வெளிவராது என்று அம்மாநிலத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. பாதுகாப்பு கோரி உயர்நீதிமன்றத்தை அணுகியபோது, ஜூன் 3 அன்று நீதிபதியும் மன்னிப்பு கேட்பதைப் பற்றியே பேசினார். ஜூன் 5 அன்று படம் மற்ற மாநிலங்களில் திரைக்கு வந்தது, கர்நாடகத்தில் வரவில்லை.

கமல்ஹாசன் சொன்னது சரியல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழும் கன்னடமும் தொல்திராவிடம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தாயும் மகளும் அல்ல, உடன்பிறந்தவை. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹல்மிடி கல்வெட்டு கன்னடத்தின் எழுத்து மரபு எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று. தமிழ்நாட்டில் இது தெரியாத செய்தியும் அல்ல. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வாழ்த்துப் பாடலை 1970இல் தமிழ்நாடு அரசு தன் விழாக்களுக்குரிய பாடலாக ஏற்றபோது, பிற திராவிட மொழிகளைத் தமிழின் வயிற்றில் பிறந்தவையாகச் சொல்லும் வரிகளை விட்டுவிட்டே ஏற்றது. அந்த நாகரிகம் 2025இன் மேடையில் இல்லாமல் போனது. தன் மொழியை இன்னொரு மொழியின் பிள்ளை என்று சொல்லக் கேட்கும் கன்னடருக்கு ஏற்படும் வருத்தம் நியாயமானது.

ஆனால் வருத்தம் வேறு, தடை வேறு. தவறான கருத்துக்கு மறுப்புரை உண்டு, கட்டுரை உண்டு, படம் பார்க்காமல் இருக்கும் உரிமையும் உண்டு. மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் திரையரங்கின் கதவு திறக்கும் என்பது மிரட்டல். இது புதியதும் அல்ல. 2017இல் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பேசிய பேச்சுக்காக சத்யராஜ் வருத்தம் தெரிவித்த பிறகே ‘பாகுபலி 2’ இங்கு வெளியானது. 2018இல் காவிரி பற்றிய கருத்துக்காக ரஜினிகாந்தின் ‘காலா’ தடுக்கப்பட்டது. திரையிடும் அரங்குகளுக்குப் பாதுகாப்பளிக்குமாறு அன்றைய உயர்நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. ஏழாண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்தில் மன்னிப்பு யோசனை எழுந்தது. கும்பல்கள் தெருவைக் கைப்பற்ற அனுமதிக்க முடியாது என்று ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. தான் தடை எதையும் விதிக்கவில்லை, பாதுகாப்பு தரப்படும் என்று மாநில அரசு உறுதியளித்ததும் ஜூன் 19 அன்று வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அதற்குள் படம் வெளியாகி இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன.

அந்த நாட்களில் இந்த நகரத்தில் வேறு என்ன நடந்தது?

ஜூன் 3 இரவு ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் ஐபிஎல் கோப்பையை வென்றது. அணியின் அன்றைய உரிமையாளர் ஒரு பன்னாட்டு மதுபான நிறுவனம். தலைவர் இந்தூர்க்காரர், நட்சத்திரம் தில்லிக்காரர். ஆனாலும் அது ‘நம்ம’ அணி. அதில் பிழையேதும் இல்லை. நேசிப்பதற்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை என்பதை பெங்களூரு அறியும். மறுநாள் முறையான ஏற்பாடுகள் இன்றிக் கூட்டம் அழைக்கப்பட்டது. சின்னசாமி அரங்கின் வாயில்களில் பதினொரு பேர் நசுங்கி இறந்தனர். பெரும்பாலும் இளைஞர்கள், மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்ணும் அவர்களுள் ஒருவர். கன்னடத்தின் பெருமையைக் காக்கப் புறப்பட்டவர்களின் குரல், கன்னடத் தாய்மார்களின் பிள்ளைகள் மாண்டபோது அதே உரத்தில் ஒலித்ததா?

அடுத்தது ஜூன் 18. உச்ச நீதிமன்றத்தின் இரு விசாரணை நாட்களுக்கு நடுவில் மாநிலத் தொழிலாளர் துறை ஒரு கூட்டம் நடத்தியது. 1961ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒன்பது மணி நேர வேலைநாளைப் பத்தாக்குவது, மிகைநேரம் சேர்த்துப் பன்னிரண்டு வரை அனுமதிப்பது, மூன்று மாதங்களுக்கு 50 மணி என்றிருந்த மிகைநேர வரம்பை 144ஆக உயர்த்துவது என்பது முன்மொழிவு. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் எதிர்த்தது. தொலைக்காட்சி விவாதங்களோ மொழிப் பிறப்பைவிட்டு அகலவில்லை.

கன்னட இளைஞரின் அச்சம் பொய்யானதல்ல. தன் தலைநகரில் தன் மொழியில் வேலை கிடைக்கவில்லை, வாடகை கட்டி வாழ முடியவில்லை என்பது உண்மை. 2024 ஜூலையில் உள்ளூர் மக்களுக்குத் தனியார் துறையில் இடஒதுக்கீடு தரும் மசோதாவுக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொழிலதிபர்கள் எதிர்த்தார்கள், சில நாட்களிலேயே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. திரைப்படத்தைத் தடுத்தவர்கள் அந்த அலுவலகங்களின் கதவுகளை அடைக்கப் போகவில்லை. நடிகரிடம் மன்னிப்பு கேட்பது எளிது, மூலதனத்திடம் கணக்கு கேட்பது கடினம்.

1991 டிசம்பரை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி மூண்ட கலவரத்தில் எரிந்தவை கூலித் தமிழர்களின் குடிசைகள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு நிறுவனத்தின் பேருந்துகள் வரிசையாகக் கொளுத்தப்பட்டன. அச்சத்தில் தமிழர் தமக்குள் சுருங்குவது இயல்பே. ஆயினும் கன்னடம் கற்காமலே இங்கு தலைமுறைகளைக் கழிப்பதும், சென்னை மேடைகளின் வீராப்புக்கு இங்கிருந்து கைதட்டுவதும் அச்சத்தைக் குறைக்கப் போவதில்லை. அந்தக் கைதட்டலுக்கு விலை கொடுப்பது இங்குள்ள தள்ளுவண்டிக்காரர்தான்.

பேருந்துகள் எரிந்த அதே 2016இன் ஏப்ரலில் வேறொரு பெங்களூருவும் தெருவுக்கு வந்தது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்களிப்பை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் புதிய விதியை எதிர்த்து, ஏப்ரல் 18 அன்று ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆலைகளைவிட்டு வெளியேறினர். பெரும்பாலும் பெண்கள். பெரிய தலைவர் எவரும் அழைக்கவில்லை. கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசும் பெண்கள் ஓசூர் சாலையில் ஒன்றாக அமர்ந்தார்கள். போக்குவரத்து நின்றது, தடியடி நடந்தது, மறுநாளும் வந்தார்கள். எந்த மொழி எதற்கு மூத்தது என்று அந்தச் சாலையில் யாரும் கேட்கவில்லை. ஏப்ரல் 19 மாலை மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது.