ஆற்றுக்கு நீர் தருவது வயல்: செலவை யார் ஏற்பது?

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் பகுதியில் தமிழ் பேசும் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

கேரளத்தில் 44 ஆறுகள் ஓடுகின்றன. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இருந்தும், மாசி பங்குனியில் பாரதப்புழையின் மணலில் நடந்தே அக்கரை சேர்ந்துவிடலாம். மழைக்குக் குறைவில்லாத நாட்டில் ஆறு ஏன் வறள்கிறது? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

பாரதப்புழை ஆனைமலையில் பிறக்கிறது. அதன் படுகையில் ஒரு பகுதி பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் உள்ளது. பெரும்பகுதி கேரளத்தில் உள்ளது. 209 கிலோமீட்டர் ஓடி, பொன்னானியில் கடலில் கலக்கிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு, சரிவோ அதிகம். எனவே பெய்த மழை சில நாட்களிலேயே கடலைச் சென்றடைந்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துபவை காடும், குளமும், பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் நஞ்சை வயல்களுமே. வரப்புக்குள் தேங்கும் நீர் மண்ணுக்குள் மெல்ல இறங்குகிறது. கிணறுகளின் நீர்மட்டத்தை உயர்த்துகிறது. கோடையில் அதே நீர் ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. நெல்வயல் நெல்லை மட்டும் விளைவிக்கவில்லை. கோடைக்கால ஆற்றையும் விளைவிக்கிறது.

அந்த வயல்களுக்கு என்ன நேர்ந்தது? 1970களின் நடுவில் கேரளத்தில் நெல் பயிரான பரப்பு ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேர். இன்று அது 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சில வயல்கள் தென்னந்தோப்பாகவும் ரப்பர் தோட்டமாகவும் மாறின. சில மண் கொட்டி மேடாக்கப்பட்டு மனையாயின. நெல்லுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத விவசாயியை மட்டும் இதற்குக் குற்றம் சொல்வது நியாயமன்று. நிலத்தை மனையாக்கினால் கோடிகள். நீரைத் தேக்கி வைத்தால் கடன். சந்தை வகுத்திருக்கும் கணக்கு இதுதான்.

நீரைச் சரக்காக்குவோர் எதைச் செய்வார்கள் என்பதற்குச் சித்தூர் மக்களிடம் நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பிளாச்சிமடையில் 2000இல் ஒரு பன்னாட்டுக் குளிர்பான ஆலை திறக்கப்பட்டது. 2002இல் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். 2004இல் ஆலை நின்றது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்ற முழக்கத்தை நாடெங்கும் கொண்டு சென்ற போராட்டம் அது. எடுப்பதைத் தடுத்துவிட்டோம். ஆனால் நிலத்துக்குள் மீண்டும் நீரைச் சேர்ப்பது யார்? அதற்கான நிதி எங்கிருந்து வரும்? அந்தப் பாதி வேலை இன்னும் நம் முன் இருக்கிறது.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயல்களை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. பாசனத்துக்கென மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் விலக்கின. கேரளத்திலோ 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்த சட்டம் நெல்வயலையும் ஈரநிலத்தையும் ஒருசேரப் பாதுகாக்கிறது. 2020இல் நெல்வயலைக் காப்போருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்ற தொடக்க அளவில் உரிமைத்தொகை வழங்கும் திட்டமும் வந்தது. வயல் செய்யும் சூழல் பணிக்கு அரசு ஊதியம் தரவேண்டும் என்ற கொள்கையை ஏற்ற வகையில் இது பெரிய முன்னேற்றம்.

ஆயினும் நம் அரசின் திட்டம் என்பதால் குறைகளைப் பேசாதிருப்பது கம்யூனிஸ்ட் பண்பாகாது. தொடக்கத்தில் அறிவித்த 2,000 ரூபாய் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 800 ரூபாய்தான். உடைந்த ஒரு வரப்பைக் கட்டும் கூலிக்கே அது போதவில்லை. மேலும், அந்தத் தொகை நில உரிமையாளரின் பெயரில் செல்கிறது. வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் ஏழை விவசாயிக்கும், தரிசை மீட்டுப் பயிர் செய்யும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவுக்கும் அதில் உறுதியான பங்கு என்ன? உழைப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற நிலை இங்கும் நுழைய விடலாகாது.

எனவே நிதி தனிநபருக்கு மட்டும் செல்லாமல், கூட்டுறவு அமைப்புக்கும் செல்ல வேண்டும். பாடசேகர சமிதிகள் அதற்கேற்ற அடித்தளம். திருச்சூர் கோள் நிலங்களைப் பாருங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த வயல்களில் எந்த விவசாயியும் தனியாகப் பயிர் செய்ய முடியாது. கரை கட்டுவதும், நீரை இறைப்பதும், மதகு திறப்பதும் கூட்டு முடிவுகள். நீரின் இயல்பே கூட்டுறவைக் கோருகிறது.

கூட்டுறவு என்றதும் கடன் கொடுப்பதை மட்டும் நினைத்துவிடக் கூடாது. விதைக்கும் உரத்துக்கும் கூட்டுறவு வங்கிக் கடன் பொருந்தும். விளைச்சல் வந்ததும் அடைக்கலாம். குளம் தூர்வாருவதும், தடுப்பணை கட்டுவதும், வாய்க்காலை மீட்பதும் அப்படியல்ல. அதன் பயன் ஒற்றப்பாலத்திலும் பொன்னானியிலும் குடிநீராகப் போய்ச் சேர்கிறது. மேலே இருக்கும் விவசாயி கடன்பட்டு, கீழே இருக்கும் நகரத்துக்கு நீர் தர வேண்டுமா? பொதுப் பயன் தரும் வேலைக்குப் பொதுப் பணமே வர வேண்டும். கணக்கு வைப்பதும், பராமரிப்பதும், வேலையை மேற்பார்ப்பதும் சமிதியின் பொறுப்பு.

அந்தப் பணத்துக்கு வழி உண்டு. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அந்த மரபில், ஒரே படுகையில் உள்ள ஊராட்சிகள் தங்கள் நீர்ப் பணிக்கான ஒதுக்கீட்டை ஒருங்கிணைக்க வேண்டும். ஆறு ஊராட்சி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இரண்டாவதாக, 2018 திருத்தத்துக்குப் பின் நிலமாற்றத்துக்கு வசூலிக்கப்படும் கட்டணம் இருக்கிறது. அது சட்டம் குறிப்பிடும் வேளாண் மேம்பாட்டு நிதிக்கே சென்று, எஞ்சிய வயல்களை மீட்கப் பயன்பட வேண்டும். பொதுக் கருவூலத்தில் கரைந்தால், வயலை அழித்த பணம் வயலுக்குத் திரும்பாமலே போகும். மூன்றாவதாக, ஆற்று நீரை எடுத்து லாபம் காணும் தொழில் நிறுவனங்களிடமிருந்து தீர்வை பெற வேண்டும். ஏழை வீட்டுக் குழாயின் கட்டணத்தை உயர்த்துவதை இதற்கு மாற்றாக ஏற்க முடியாது.

நீர்ச் சேமிப்பைச் சந்தையில் விற்கும் புள்ளிகளாக மாற்றும் திட்டங்களும் வருகின்றன. 2023இல் மத்திய அரசு அறிவித்த பசுமைக் கடன்மதிப்பு விதிகள் அந்தப் பாதையைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் இயற்கையைச் சிதைத்தவர், வேறிடத்தில் புள்ளி வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ள அவை வழி திறக்கும். நமது குளங்களும் வயல்களும் அவர்களது கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கமாகிவிடக் கூடாது.

தோழர்களே, நம் கிளைகளின் உடனடிப் பணிகள் மூன்று. ஒவ்வோர் ஊராட்சியிலும் தரிசாகக் கிடக்கும் நஞ்சையையும் தூர்ந்த குளங்களையும் கணக்கெடுங்கள். கிராம சபையில் அவற்றின் மீட்பைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சமிதிகளில் குத்தகை விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் பெண்களும் சம உரிமையுள்ள உறுப்பினராக இடம்பெறப் போராடுங்கள். ஆனைமலையிலிருந்து பொன்னானி வரை தமிழும் மலையாளமும் பேசும் விவசாயிகளை இந்த ஆறு ஒன்றாகவே இணைத்திருக்கிறது. நாமும் அவர்களை ஒன்றாகவே திரட்டுவோம்.