முட்டி மாற்றியவர்களே, மாத்திரைக்கு முன் பரிசோதனை!

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 35 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். நம் குடியிருப்பில் முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

என் மனைவி வலது முட்டியை மாற்றி இரண்டு வருடம் நன்றாக நடந்தார். பிறகு ராத்திரியில் வலி, தொட்டால் லேசான சூடு. காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயும் சரியாகவே இருந்தது. ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்; வலி குறைந்தது. மாதம் கழித்து மறுபடி வந்தது. பழைய சீட்டைக் காட்டி நானே அதே மாத்திரையை வாங்கி வந்தேன். இப்படியே நான்கு மாதம் போனது.

கடைசியாகப் பார்த்த எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

ஏன் கேட்டார் என்று அவரே விளக்கினார். கிருமிகள் செயற்கை மூட்டின் மேல் பாசி மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாத்திரை அதற்குள் சரியாகப் போகாது. வெளியே மிதப்பதை மட்டும் கொல்லும். அப்போது பரிசோதனை செய்தால் கிருமி சிக்காமல் போகலாம். திருடன் வீட்டுக்குள் இருக்க, கைரேகையை நாமே துடைத்த கதை!

ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பார்கள். அவை சந்தேகத்தைத்தான் சொல்லும். வேறு நோயிலும் கூடும், சில சமயம் தொற்று இருந்தும் கூடாது. முக்கியமானது, மூட்டிலிருந்து ஊசியால் எடுக்கும் நீர். ஆபரேஷன் ஆகி நாளான மூட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளை அணுக்கள் 3000-ஐத் தாண்டினால் தொற்று என்ற சந்தேகம் வலுக்கும். அதே நீரைக் கல்ச்சருக்கும் வைப்பார்கள். மெதுவாக வளரும் கிருமிகளுக்காக 14 நாள் வரை காத்திருப்பதும் உண்டு. ஆபரேஷன் செய்தால் பல இடங்களில் சதைத் துணுக்கு எடுப்பார்கள். இரண்டு மாதிரிகளில் ஒரே கிருமி வந்தால் உறுதி. கூட்டுக் கணக்குக் காசோலைக்கு இரண்டு கையெழுத்து கேட்போமே, அதுபோல.

என் மனைவிக்கு மாத்திரையை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து நீர் எடுத்தார்கள். கிருமி சிக்கியது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட் வைத்து, சில மாதம் கழித்துப் புதிய மூட்டு பொருத்த வேண்டியதாயிற்று. அறிகுறி தொடங்கிய சில வாரங்களிலேயே கண்டுபிடித்தால், பலருக்குச் சுத்தம் செய்து அதே மூட்டைக் காப்பாற்ற முடியுமாம். அந்த நான்கு மாதம் என் மனதில் இன்னும் டேலி ஆகவில்லை.

மூன்று வேண்டுகோள். புதிதாக வலி, வீக்கம், சூடு, நீர்க்கசிவு வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். அவரைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் தொடங்காதீர்கள். கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாளும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி.

என் மனைவி இப்போது காலையில் பார்க்கில் இரண்டு சுற்று நடக்கிறார். பார்த்தால் விசாரியுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.