மோட்டார் காரிற் கேட்பனவும் காண்பனவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி, கைத்தொழில், சிக்கனம் முதலிய விஷயங்களைப் பேசுதற்கென அமைந்த இம்மேடையில், பாட்டுப் பெட்டியையும் படத் திரையையும் பற்றிப் பேச யாம் முன்வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் இன்று நம்மவர் வீட்டு வாயிலில் மோட்டார் கார் ஒன்று வந்து நின்றவுடன், அதிற் பாட்டுக் கேட்பதெப்படி, கைப்பேசியை இணைப்பதெப்படி, பிள்ளைகளுக்குப் படங் காட்டுவதெப்படி என்னும் வினாக்களே முதலில் எழுகின்றன. இவற்றுக்கு விடை கூறுபவர் பெரும்பாலும் கடைக்காரரே. அவர் பொய் கூறுகிறாரென்று யாம் சொல்லோம். ஆயினும், விற்பவர் வாய்மொழி ஒன்றையே நம்பிப் பொருள் வாங்குவோர் பணத்தை இழத்தல் எளிது. இவ்விஷயத்திலோ பணத்தினும் அரியதாகிய உயிரும் உடன்சேர்ந்திருக்கிறது. ஆகலின், இச்சாதனங்களைப் புதிதாக வாங்க எண்ணுவோர்க்குப் பயன்படும் சில உண்மைகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

யாம் சொல்லப்போவதன் சாரம் ஒன்றே. காரினுள் செவிக்குரிய இன்பம் யாவர்க்கும் பொது. கண்ணுக்குரிய இன்பம் வண்டியோட்டுபவர்க்கு மட்டும் விலக்கு. இதனை அளவுகோலாகக் கொண்டால், எதை வாங்குவது, எங்கே பொருத்துவது, எதை விட்டுவிடுவது என்பன தாமே விளங்கும்.

முதலிற் சிறிது வரலாறு கூறுவோம். 1930 இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பாரது நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்னும் பெயரால் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்துக் கருவிகள் வால்வுகளால் ஆனவை. இடத்தையும் மின்சாரத்தையும் மிகுதியாகக் கொள்பவை. 1947 இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்சிஸ்டர் தோன்றியது. 1954 இல் சட்டைப்பையில் அடங்கத்தக்க ரேடியோ விற்பனைக்கு வந்தது. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. 1979 இல் ஜப்பானியராகிய சோனி நிறுவனத்தாரின் வாக்மேன், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. 1982 இல் குறுந்தகடும், 2001 இல் ஐபாடும் வந்தன. 2014 இல் ஆப்பிள் நிறுவனத்தாரின் கார்பிளேயும், 2015 இல் கூகுள் நிறுவனத்தாரின் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் தோன்றிக் கைப்பேசியின் வேலைகள் பலவற்றைக் காரின் முகப்புத் திரைக்கே கொண்டுவந்துவிட்டன.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பழைய ரேடியோவுக்கு இரண்டு குமிழ்கள் இருந்தன. சாரதி பாதையினின்றும் கண்ணை எடுக்காமலே விரலால் தடவி அவற்றைத் திருப்பினார். வழுவழுப்பான கண்ணாடித் திரையிலோ விரலுக்கு அடையாளம் யாதுமில்லை; கண் அங்கே சென்றே ஆகவேண்டும். புதுக் கார்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் என்னும் ஐரோப்பிய அமைப்பு, ஹார்ன், திசை விளக்கு, மழைத் துடைப்பான் முதலியன திரைக்குள் மறையாமல் கைக்குத் தனியே அகப்படுவனவாய் இருத்தலையும் 2026 முதல் தன் மதிப்பீட்டிற் சேர்த்துள்ளது. புதுமை அனைத்தும் முன்னேற்றமன்று என்பதற்கு இஃதொரு சான்று.

நிற்க. இனி, கைப்பேசியிலுள்ள பாட்டுக் காரின் ஸ்பீக்கரை அடையும் வழிகளை நோக்குவோம். அவை நான்கு.

முதல் வழி, 3.5 மில்லிமீட்டர் முனையுடைய ஆக்ஸ் கம்பி. இது பழையது, ஆயினும் பழுது குறைந்தது. இரண்டாவது, பென் டிரைவ். 128 கிலோபிட் அளவில் அமைந்த எம்.பி.3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடங் கொள்ளும். எனவே 16 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஏறத்தாழ 270 மணி நேரப் பாட்டு அடங்கும். இதனினும் பெரிதை வாங்குவது பெரும்பாலோர்க்கு வீண் செலவு. பழைய கார் ஸ்டீரியோக்களிற் பல, ஃபேட்32 என்னும் முறையில் அமைத்த பென் டிரைவையே படிக்கும். கணிப்பொறியிற் படிக்கப்படும் பென் டிரைவ் காரிற் படிக்கப்படாவிடின், அது கெட்டதென்று எறிந்துவிடாமல், அம்முறையில் அமைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு அமைக்குங்கால் உள்ளிருப்பன அழிந்துபோமாதலின், முன்னரே வேறிடத்திற் பிரதி எடுத்துவைத்தல் அவசியம்.

மூன்றாவது, கம்பியில்லாத புளூடூத். இதிற் பாட்டுக்கு ஒரு வழியும் பேச்சுக்கு மற்றொரு வழியும் உண்டு. ‘அழைப்பு ஸ்பீக்கரிற் கேட்கிறது, பாட்டுக் கேட்கவில்லை’ என்று பலர் மயங்குவதற்குக் காரணம், கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் ஒரு வழி திறந்தும் மற்றது அடைந்தும் இருப்பதே. கடைக்குச் செல்லுமுன் அதனைச் சோதித்தால் செலவு மிச்சமாம்.

நான்காவது, ஆக்ஸோ புளூடூத்தோ இல்லாத பழைய காருக்குரியது. சிகரெட் லைட்டர் துளையிற் செருகும் சிறு கருவியொன்று, கைப்பேசியின் பாட்டை வாங்கி மிக மெல்லிய எஃப்.எம். அலையாக வெளியிடும், காரின் ரேடியோ அதனைப் பிடித்துப் பாடும். விலை சொற்பம், ஒரு கம்பியையும் வெட்ட வேண்டுவதில்லை. எந்த நிலையமும் ஒலிபரப்பாத எண்ணைத் தேர்ந்து அதில் வைத்தல் வேண்டும். நிலையங்கள் நெருங்கிய பெருநகரங்களில் இரைச்சல் புகுதலும் உண்டு. எனினும் புதிதாய்த் தொடங்குவோர்க்கு இதுவே போதுமானது.

இனி, கடைகளிற் பெரிதும் பேசப்படும் ‘வாட்’ கணக்கைச் சிறிது ஆராய்வோம். கார் ஸ்டீரியோப் பெட்டிகளின்மேல் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருத்தல் வழக்கம். எஞ்சின் ஓடுங்கால் காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 4 ஓம். 14.4 ஐ 14.4 ஆற் பெருக்கி 4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வரும். பெட்டியின்மேல் உள்ள 50 இக்கணக்கினின்றும் பிறந்ததே. ஆனால் சிதைவில்லாத ஒலி அலைக்கு அதிற் பாதியே மேல் எல்லை. கருவியினுட் கழிவது போக நிற்பது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவேயாம். மற்றொரு சோதனையும் உண்டு. கருவியின் பின்புறத்து ஃபியூஸில் 10 ஆம்பியர் என்றிருப்பின், தொடர்ந்து உட்புகக்கூடிய மின்சாரமே 144 வாட். 144 வாட் வாங்கி 200 வாட் கொடுக்கும் யந்திரம் உலகில் இல்லை. ஆகவே பெட்டியின் முகப்பிலுள்ள எண்ணைப் பாராமல், ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த எண்ணைப் பாருங்கள். காரின் சிறு அறைக்குள் அந்த 20 வாட்டே தாராளம். ஒலி தெளிவில்லையாயின், பெரிய ஆம்ப்ளிஃபையருக்குப் பணம் கொட்டுமுன் ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

புதுக் கருவி பொருத்துவோர் முதலில் இடத்தை அளந்துகொள்ளல் வேண்டும். பொது அளவுகள் இரண்டு: 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடையது ஒன்று, அதே அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உடையது மற்றொன்று. கம்பிகளை வெட்டி முறுக்கி நாடாச் சுற்றும் வேலையை எக்காரணத்தாலும் ஒப்பாதீர்கள். காருக்கேற்ற கப்ளர் சொற்ப விலைக்குக் கிடைக்கும். தளர்ந்த இணைப்புச் சூடேறும், சூடேறியது தீப்பற்றும். தனியே ஆம்ப்ளிஃபையர் வைப்போர், பாட்டரியினின்றும் வரும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தல் கட்டாயம்.

கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய கார்களின் யு.எஸ்.பி. துளைகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட், கொடுக்கும் அளவினவே. வழிகாட்டும் படமும் பாட்டும் ஒருங்கே ஓடுங்கால் கைப்பேசி அதனினும் மிகுதியாகச் செலவிடக்கூடும். செருகியிருந்தும் சார்ஜ் குறைவதன் காரணம் இதுவே, கைப்பேசியின் குற்றமன்று. லைட்டர் துளைக்குரிய நல்ல சார்ஜர் ஒன்று இக்குறையைத் தீர்க்கும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. அடுத்த பாட்டைத் தேடி இரண்டு விநாடி திரையை நோக்கினால், 33 மீட்டர் தூரம் அக்கார் கண்ணில்லாமல் ஓடுகிறது. அத்தூரத்துக்குள் ஒரு குழந்தை தெருவைக் கடக்கலாம். ஒரு மாடு குறுக்கிடலாம். முன்செல்லும் பேருந்து நின்றுவிடலாம். இஃதறிந்தே, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019 இல் திருத்தப்பட்டபோது, ஓட்டுகையிற் கைப்பேசியைக் கையிற்கொண்டு பயன்படுத்துதல் அபாயகரமாக ஓட்டும் குற்றத்துட் சேர்க்கப்பட்டது. வழி அறிதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனங் கலையாதவாறு அதனைப் பயன்படுத்தலாமென்று 2020 இல் விதி வகுக்கப்பட்டது.

ஈண்டு ஓர் ஆக்ஷேபம் எழலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நம் இளைஞர்க்குச் சவாரி வருவதே கைப்பேசித் திரையின் வழியாகத்தானே. அதனைப் பாராதே என்றால் அவர்கள் வயிறு என் செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர்களுக்கு யாம் கூறுவது: கைப்பேசியை மடியிலும் இருக்கையிலும் வையாது, பார்வை பாதையினின்றும் மிகத் தாழாத இடத்தில் உறுதியான தாங்கியிற் பொருத்துங்கள், ஆயினும் அது கண்ணாடியினூடே தெரியும் காட்சியை மறைத்தலாகாது. ‘ஏர்பேக்’ என்று பொறித்த மூடியின்மேல் எதனையும் ஒட்டாதீர்கள்; அது வெடித்து விரியுங்கால் தாங்கியும் கைப்பேசியும் முகத்தின்மேற் பாயும். போகுமிடத்தைக் குறித்து, குரல் வழிகாட்டலைத் திறந்து, பாட்டையும் தேர்ந்துவைத்த பின்னரே வண்டியை எடுங்கள். புதுச் சவாரிக்கு விடை கூறவேண்டின் ஓரத்தில் நிறுத்திக் கூறுங்கள்.

வீட்டிலிருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. மகனோ கணவனோ வண்டியோட்டும் வேளையென்று தெரிந்தும், ‘எங்கே இருக்கிறாய்? எப்பொழுது வருவாய்?’ என்று அழைப்பது அன்பே. ஆனால் ஆபத்தான அன்பு. ஸ்பீக்கரிற் பேசினால் கை ஓய்வாயிருக்கும், மனம் ஓய்வாயிராது. ‘நிறுத்தியபின் பேசு’ என்பதை ஒவ்வொரு குடும்பத்திலும் வழக்கமாக்குதல் வேண்டும்.

பின்னிருக்கையிலுள்ள பிள்ளைகளுக்குப் படங் காட்டுதல் தவறன்று. நெடும்பயணத்தில் அஃதொரு சௌகரியமே. ஆனால் டாப்லெட்டை முன்னிருக்கையின் முதுகில் இறுகப் பிணித்தல் வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் மோதி நின்றுவிடின், கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். அவ்வேகம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்துக்குச் சமமாம். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருளைத் தலையில் ஏற்கத் துணிவார் யார்? திரையைச் சாரதியின் கண்ணுக்குப் படாதவாறு வைத்தலும் வேண்டும்.

பிள்ளைகள் காதிற் செருகிக் கேட்பதாயின் ஒலியளவு சிறிதாயிருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம், வளர்ந்தோர்க்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணியும், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணியும் எல்லையெனக் கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாய்க் குறையும். இழந்த செவிப்புலன் பணங் கொடுத்தாலும் மீளாது. வண்டியோட்டுபவரோ காதில் ஒன்றும் செருகலாகாது. பின்வரும் ஹார்னும் ஆம்புலன்ஸின் ஒலியும் அவருக்குக் கேட்டல் வேண்டும்.

கடைசியாக, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அடைத்து நிறுத்திய காரினுள், வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே வெளியைக் காட்டிலும் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறிவிடும். நம் கோடையில் அது 60 டிகிரியை எட்டும். ஐபோனை வைத்திருக்கத்தக்க மேல் எல்லை 45 டிகிரி என்று அதனைச் செய்வோரே கூறுகின்றனர். லித்தியம் பாட்டரியுடைய கைப்பேசி, பவர் பேங்க் முதலியவற்றைக் காரில் விட்டுச் செல்வது அவற்றைக் கெடுப்பதோடு தீவிபத்துக்கும் இடமாகும். இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அன்பர்களே! புதிதாகத் தொடங்குவோர் பெருந்தொகை செலவிட வேண்டுவதில்லை. உறுதியான தாங்கி ஒன்று, நல்ல சார்ஜர் ஒன்று, காரிலுள்ள ஸ்டீரியோவுக்கேற்ற இணைப்பு ஒன்று ஆகிய மூன்றும் முதலிற் போதும். இரண்டு மாதம் பயன்படுத்திய பின், உண்மையில் எது குறைகிறதென்று தெரியும். அப்பொழுது அதனை வாங்கலாம். வாங்குமுன், ‘இது செவிக்கா, கண்ணுக்கா? கண்ணுக்காயின் யாருடைய கண்ணுக்கு?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு அடுத்த ஊரிலும் கிடைக்கும்; தவறிய உயிர் எவ்வூரிலும் கிடையாது.