விளையாட்டும் வீணல்ல
(நன்கொடையாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அந்த எண்ணத்தை மாற்றிய செய்தி ஒன்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் உடலில் வேலை செய்யும் புரதம் ஒவ்வொன்றும் மணிகள் கோத்த நீண்ட மாலை போன்றது. பெரும்பாலும் அது தனக்கே உரிய விதத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். நோய்க்கிருமியின் புரதம் மடிந்திருக்கும் விதம் தெரிந்தால், அதைத் தடுக்கும் மருந்தைத் தேடுவது எளிதாகும். ஆனால் மடியக்கூடிய விதங்களோ கணக்கில் அடங்காதவை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டேவிட் பேக்கர் குழுவினர், பொதுமக்களின் கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும் நேரத்தை இந்தக் கணக்குக்காக 2005-ல் இரவல் கேட்டார்கள். புரதம் மடிவது திரையில் தெரிந்தது. அதைப் பார்த்த சிலர், எங்கள் கையாலேயே இதைவிட நன்றாக மடிப்போமே என்று எழுதினார்கள். அதற்குச் செவிகொடுத்ததில் பிறந்ததுதான், 2008-ல் வெளியான 'ஃபோல்டிட்' விளையாட்டு.

திரையில் புரதம் வண்ண நாடாவாகத் தெரியும். அதை இழுக்கலாம், திருப்பலாம், குலுக்கலாம். நீரை விலக்கும் பகுதிகளை உள்ளே மறைக்கவேண்டும். பகுதிகள் ஒன்றோடொன்று மோதக்கூடாது. அமைப்பு சீராகச் சீராக மதிப்பெண் ஏறும். வேதியியல் படிக்காதவரும் படிப்படியாகக் கற்றுக்கொள்ளும்படி இதை அமைத்தார்கள்.

குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் என்சைம், பத்தாண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. எச்.ஐ.வி.யிலும் அதே வகை என்சைம் உண்டு. அதைத் தடுக்கும் மருந்துகள் 1995 முதல் எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளன. ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் நல்ல மாதிரி ஒன்றைத் தந்தார்கள். எக்ஸ்ரே பதிவுகளோடு அதை ஒப்பிட்டு, விஞ்ஞானிகள் சரியான அமைப்பைக் கண்டு 2011-ல் வெளியிட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அமைப்பு தெரிந்துவிட்டால் மருந்து கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. மருந்துக்கு முன் நெடிய வழி உண்டு. இன்று புரத அமைப்பைக் கம்ப்யூட்டரே பெரும்பாலும் கணித்துவிடுகிறது. அந்தப் பணிக்காக டெமிஸ் ஹஸாபிஸும் ஜான் ஜம்பரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காகப் பேக்கரும் 2024-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனாலும் எங்கள் மனதில் நிற்பது அந்த ஆட்டக்காரர்கள்தான். இயந்திரத்தை மட்டும் இரவல் கேட்டபோது, தங்கள் கைகளையும் தர முன்வந்தார்கள். அந்தக் கைகளுக்கு ஏற்ற வேலையை ஒருவர் அமைத்துக் கொடுத்தார்.

"எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று உங்களில் பலர் எங்களுக்கு எழுதுகிறீர்கள். அந்த 'இவ்வளவு' வீண்போகாதபடி வேலையை அமைப்பது எங்கள் கடமை என்பதை இச்செய்தி எங்களுக்கு நினைவூட்டியது.