நீல ஒளியும் நம் பிள்ளைகளின் கண்களும்
(கண் மருத்துவப் பிரிவின் ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஆற்றிய உரை)



உங்களில் அநேகர் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "டாக்டர், செல்போனிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுத்துவிடுமாமே, பேரனுக்கு ப்ளூ கட் கண்ணாடி வாங்கட்டுமா?" அதற்காக வாங்க வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நீல ஒளி புதிதாய் வந்த விஷமல்ல. பிறந்த நாள் முதல் சூரியனிடமிருந்து அதைப் பெற்று வருகிறோம். மேகம் மூடிய பகலில் வாசலில் நின்றாலும், செல்போன் திரை தருவதைவிடப் பன்மடங்கு நீல ஒளி கண்ணுக்குள் போகிறது. திரையின் நீல ஒளியால் விழித்திரை கெடுகிறது என்பதற்கு இதுவரை நம்பத்தக்க சான்று இல்லை. இந்தக் கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளை 2023இல் காக்ரேன் குழுவினர் தொகுத்துப் பார்த்தார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட இவை கண் சோர்வைக் குறைப்பதாக அவர்களுக்குத் தென்படவில்லை. இங்கிலாந்தில் ஒரு பெரிய கண்ணாடி நிறுவனம் நீல ஒளியைக் காட்டிப் பயமுறுத்தி விளம்பரம் செய்ததற்காக 2017இல் 40,000 பவுண்டு அபராதம் கட்ட நேர்ந்தது. நம் ஊர்க் கடைகளில் அதே பேச்சு இன்றும் நடக்கிறது!

அப்படியானால் கண் ஏன் எரிகிறது? நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறவர்கள், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகிறது. மின்விசிறி நேரே முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம். அதோடு, கிட்டத்தில் உள்ளதையே மணிக்கணக்காய்ப் பார்ப்பதால் கண்ணின் உட்தசையும் களைத்துப்போகிறது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒரு மரத்தையோ கோபுரத்தையோ 20 விநாடி பாருங்கள். வேண்டுமென்றே நாலைந்து தரம் இமையுங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

தூக்கத்தைப் பொறுத்தமட்டில் நீல ஒளிக்குப் பங்கு உண்டு. விழித்திரையில் பகலா இரவா என்று உடலுக்கு அறிவிக்கும் சில செல்கள் இருக்கின்றன. அவை நீல ஒளிக்கே அதிகம் விழித்துக்கொள்ளும். ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் தாயார் கூட்டி வந்தார்கள். ஒரு வருஷமாக ப்ளூ கட் கண்ணாடி போட்டிருக்கிறான். கண்ணைப் பரிசோதிக்காமலே கடையில் வாங்கியது. அதில் பவரே இல்லை. அவனுக்கோ இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். மதிப்பெண் குறைந்ததற்கு வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறான். கண்ணாடிதான் போட்டிருக்கிறானே என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கிட்டப்பார்வை வராமல் தடுக்க என்ன செய்யலாம்? சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வருஷம் கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். அங்கே 100க்கு சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. வெளியே கூடுதலாகக் கழித்த நேரமே அந்த வித்தியாசத்தைச் செய்தது. நீல ஒளிக்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் அடைத்துவைக்கிறோமே, வெளியேதான் அது அதிகம்! உச்சி வெயில் வேண்டாம். காலையிலோ மாலையிலோ, மர நிழலிலோ விளையாடட்டும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

பள்ளி திறக்குமுன் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். இப்போது போட்டிருக்கும் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதில் பவர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுகிறோம்.